நாற்காலியைச் சுமந்து வந்த சனிக்கிழமை

போன வாரம் நம் பழைய தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். பூட்டிக் கிடக்கும் தோட்டத்து ஆலயத்தின் ஜன்னல் வழியாக யாரோ எடுத்தது. தூசி, கால் ஒடிந்த பெஞ்சுகள், மூலையில் சிவப்பு மெத்தை வைத்த, முதுகு உயர்ந்த ஒரு நாற்காலி. உடனே உங்களில் ஒருவர் எழுதினார்: அந்தக் காலத்துப் பாஸ்டர் இதில் உட்கார்ந்தால் என்ன கம்பீரம், இப்போதுள்ளவர்கள் பிள்ளைகளோடு பந்து விளையாடுகிறார்கள், அப்புறம் மரியாதை எங்கே இருக்கும் என்று. ஆளாளுக்குக் கைகூப்பும் படத்தைப் போட்டு ஆமோதித்தீர்கள். நானும் விரலைக் கொண்டுபோய்விட்டு மடக்கிக்கொண்டேன். அந்தக் கம்பீரத்தைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். கட்டைவிரலால் தட்டி முடிகிற கதை இல்லை என்பதால், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வருடக் கடைசி மழை. கேமரன் மலையில் அந்த மாதங்களில் துணி காயாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்த சட்டைகளில் விறகுப் புகை ஏறி, பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒரே வாசனையோடு உட்கார்ந்திருப்போம். அம்மா கொழுந்து பறித்துவிட்டு வரும்போது கணுக்காலில் அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம் கோடு கோடாக இறங்கியிருக்கும். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எந்த எந்திரத்தில் எது கழன்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் எங்களோடு தம்பி, நான்கு வயது முடிந்தவன், ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டான்.

தோட்டத்தில் துரையிடம் யாரும் நேரே பேசியதில்லை. ஒரு நாள் லீவு வேண்டுமா, ஒழுகும் கூரைக்குத் தகரம் வேண்டுமா, கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். பதிலும் அதே வழியில் இறங்கி வரும். "துரை யோசிக்கிறாராம்" என்று வந்தால் காத்திருக்க வேண்டியதுதான். சொன்ன சொல் நடுவில் எங்கே தங்கிவிட்டது என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தோம்.

ஆலயத்திலும் நம் ஆட்கள் அதே ஏணியைத்தான் போட்டு வைத்திருந்தார்கள். பாஸ்டர் மலைக்குக் கீழேயிருந்து மாதம் ஒரு முறை காரில் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துகிறவர் உபதேசியார். வாரநாட்களில் அவரேதான் கங்காணி. காக்கிச் சட்டையைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டால் உபதேசியார், அவ்வளவுதான். பாஸ்டருக்கு ஒன்று தெரிய வேண்டும் என்றால் அவரிடம் சொல்ல வேண்டும். பாஸ்டருக்கென்று நீலப்பூப் போட்ட ஒரு கோப்பை இருந்தது. அது உபதேசியார் வீட்டு அலமாரியில் துண்டில் சுற்றி இருக்கும், வேறு யாரும் அதில் குடித்ததில்லை. அதே மாதிரி ஆலயத்தில் அந்த நாற்காலி.

பழைய பாஸ்டர் அந்த நாற்காலியின் நுனியில் உட்காருவார். முதுகு சாய்க்கமாட்டார். உபதேசியார் வேதபாடம் வாசிக்கும் நேரம் முழுக்க, தகரக் கூரையில் மழை அடித்து ஒரு சொல்லும் காதில் விழாத நாட்களில்கூட, முகத்தில் ஒரு அசைவு இல்லாமல் நிமிர்ந்தே இருப்பார். நான் கண் சிமிட்டாமல் அவரைப் பார்ப்பேன். இந்த மனிதருக்கு முதுகு அரிக்காதா, கால் மரத்துப் போகாதா என்பதே அப்போது எனக்கிருந்த ஆன்மிகச் சந்தேகம். பயமும் இருந்தது. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாதத்துக்கு ஒருமுறை, பாஸ்டர் வரும் அந்த ஞாயிறன்று இராப்போஜனம். முதலில் கிராணி குடும்பம் போகும், அப்புறம் உபதேசியார், ஆண்கள், பெண்கள். முன்னால் பீடத்தைச் சுற்றிய மரக் கம்பித் தடுப்பருகே மண்டியிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கித் திரும்புவார்கள். அம்மா போகமாட்டார். கடைசி பெஞ்சில் என் பக்கத்திலேயே இருப்பார், தம்பி ஆண்கள் பக்கம் அப்பாவோடு. சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆகாத பிள்ளைகளுக்கு அப்பம் கிடையாது, நான் தனியாக இருப்பேனே என்று எனக்குத் துணையாகத்தான் அம்மா இருக்கிறார் என்பது என் எண்ணம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பெரியவர்களுக்குத் தெரிந்த கதை வேறு. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சல் வந்தது. மலைக்குக் கீழே தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ரிங்லெட்டுக்குக் கீழே மண் சரிந்து சாலை அடைத்துக் கிடந்தது. இரண்டாம் நாள், பக்கத்து வீட்டு அக்காவோடு அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய் பிள்ளைக்கு மஞ்சள் கயிறு கட்டி வந்துவிட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கயிற்றைப் பார்த்த உபதேசியார், பாஸ்டரைக் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை இராப்போஜனப் பந்திக்கு வரவேண்டாம் என்றார். அம்மா காத்திருந்தார். பிறகு கேட்டபோது, "பாஸ்டர் யோசிக்கிறாரு" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அம்மா கேட்கவில்லை. இப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது.

அந்த மழைக்காலத்தில்தான் பழையவர் மாற்றலாகிப் போய், புது பாஸ்டர் வந்தார். உபதேசியார் பிரிஞ்சாங் டவுனிலிருந்து மாலை வரவழைத்து, காரை எதிர்பார்த்து வாசலில் நின்றார். உரமூட்டை ஏற்றிய லோரி ஒன்று வந்து நின்றது. பின்னாலிருந்து ஒல்லியான ஒருவர் ரப்பர் பூட்ஸோடு குதித்து, தன் பையைத் தானே இறக்கிக்கொண்டார். மாலையோடு நின்றவர்கள் அவரைத் தாண்டி முன்சீட்டை எட்டிப் பார்த்தார்கள். அங்கே டிரைவர் மட்டும்தான் இருந்தார்.

ஆலய வாசலில் பூட்ஸைக் கழற்றினார். காலுறையில் ஓட்டை, பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் அந்த விரலைத்தான் பார்த்தோம். பிறகு எங்கள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். நாற்காலி காலியாக இருந்தது. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் பாடினார்கள்.

எனக்கு ஆளைச் சோதிக்கும் ஆசை வந்தது. ஆராதனை முடிந்ததும், நோவாவின் பேழையில் அட்டை இருந்ததா என்று கேட்டேன். அம்மா என் தோளில் கிள்ளினார். பாஸ்டர் உண்மையாகவே யோசித்தார். "தெரியல பிள்ளே. இருந்திருந்தா நோவா பாடு கஷ்டம்தான் லா" என்றார். ஒரு பாஸ்டர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. அன்றிலிருந்து அவரைப் பார்த்தாலே எனக்குக் கேள்விகள் ஊறின.

பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. தெரியாது என்று சொல்கிறவருக்கு எதற்குப் பாஸ்டர் வேலை என்று அப்பா கேட்டார். நீலப்பூக் கோப்பையில் டீ கொடுத்தால் அதைப் பக்கத்தில் நிற்கிற கிழவரிடம் நீட்டிவிட்டு வேறு கோப்பை கேட்கிறார் என்று உபதேசியார் வீட்டில் ஒரே வருத்தம். நம்மோடு இவ்வளவு சேர்ந்து பழகுகிறாரே, கீழே ஏதோ தப்புச் செய்துவிட்டுத்தான் இங்கே அனுப்பியிருப்பார்கள் என்றுகூடப் பேச்சு வந்தது. குழுவில் இப்போது கைகூப்பியவர்களின் அப்பாக்களும் அதில் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் நடத்திய முதல் இராப்போஜனம் முடிந்த பிறகு, ஆலயத்துக்குப் பின்னால் குழாயடியில் ரசம் ஊற்றும் சின்னக் கண்ணாடிக் குவளைகளைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் குவளைகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று போய் நின்றேன். எனக்கு எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். பதினாலு வயதில், திடப்படுத்தல் ஆனதும் என்றார். விரல்விட்டு எண்ணினேன்.

"அப்ப அம்மாவுக்கும் இன்னும் அஞ்சு வருசம் ஆவுமா?"

"அம்மாவுக்கு என்ன?"

"எனக்குத் துணையாத்தானே அம்மா கடைசி பெஞ்சில இருக்காங்க. தம்பிக்குக் காய்ச்சல் வந்ததிலேருந்து."

அவர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். குழாயை மூடினார். அடுத்த மாதம் சனிக்கிழமையே மேலே வந்துவிடுவதாகவும், அம்மாவுக்குச் சம்மதமானால் எங்கள் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னார். "அம்மாகிட்டச் சொல்லு. வேணாம்னாங்கன்னா எனக்குச் சொல்லியனுப்பு, நான் வரல."

நான் சொல்லவில்லை. பாஸ்டரிடம் வீட்டு விஷயம் பேசினேன் என்று தெரிந்தால் முதுகுத்தோல் உரிந்துவிடும் என்று பயம். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒரு மாதம் அந்தச் சொல் என் வயிற்றிலேயே கிடந்தது. பின்னால் உபதேசியாரைப் பற்றி நான் எழுதப்போவதைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை பிற்பகல். அம்மா மரவள்ளிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். வாசலில் பூட்ஸ் சத்தம். அப்பா எட்டிப் பார்த்தவர் வெலவெலத்துப் போனார். பாஸ்டர் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு வருவது என்றால் ஒன்று சாவு, இல்லையென்றால் கண்டிப்பு. உட்காரச் சொல்ல வீட்டில் ஒரு நல்ல ஸ்டூல்கூட இல்லை. "இருங்க ஐயா, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினார். எங்கே ஓடினார் தெரியுமா? ஆலயத்து நாற்காலியைக் கொண்டுவர, சாவிக்காக உபதேசியார் வீட்டுக்கு.

அப்பா ஓடியதும் பாஸ்டர் நேரே அடுப்பங்கரைக்கு வந்து, அம்மா உட்காரும் பலகையில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து, சொன்னாயா என்று கண்ணால் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டதற்கு அவரே அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கிழங்கை எடுத்துச் சுடச்சுடத் தோலை உரித்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"பந்திக்கு வரவேணாம்னு உங்ககிட்ட யாரு சொன்னது, அம்மா?"

"உபதேசியார் ஐயாவைக் கேளுங்க ஐயா."

"அவரையும் கேக்கறேன். இப்ப உங்களைக் கேக்கறேன்."

அம்மா குனிந்து அடுப்பு விறகை உள்ளே தள்ளினார். பிறகு சொல்லத் தொடங்கினார். மண்சரிவு, கயிறு எல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும். எனக்குத் துணையாக அம்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது அடுப்புப் புகையோடு சேர்ந்து கண்ணைக் கரித்தது. நானும் தம்பியும் அங்கே நிற்பதை அம்மா மறந்துவிட்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன் ஐயா. நான் செஞ்சது தப்புன்னு வாயால சொல்லச் சொன்னா எனக்கு வராது. பிள்ளை பொழைச்சிட்டான். அன்னிக்கு மொதல்ல நம்ம சர்ச்சுக்குத்தான் தூக்கிட்டுப் போனேன். பூட்டிக் கெடந்துச்சு. சாவி வெச்சிருந்தவங்க ரோட்டுல சரிஞ்ச மண்ணு வெட்டப் போயிட்டாங்க. மழையில எவ்வளவு நேரம் நிப்பேன்?"

பாஸ்டர் கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தார். "இதுக்கு எனக்குப் பதில் தெரியல, அம்மா" என்றார். "ஆனா அந்தப் பந்தி என்னோடது இல்ல. கூப்பிடறவர் வேற. நான் தட்டை ஏந்திட்டு நிக்கிற ஆளுதான்" என்றார்.

அப்போது வாசலில் சத்தம். அப்பாவும் உபதேசியாரும் நாற்காலியைச் சாக்கால் மூடி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, லயமே வேடிக்கை பார்க்க ஏறி வந்திருந்தார்கள். அடுப்பங்கரை வாசலில் அது நுழையவில்லை. வெளியறையில் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்த உபதேசியார், பாஸ்டர் பலகையில் கிழங்குத் தோலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அம்மாவின் முகத்தையும் பார்த்தார். எதைப் பற்றிய பேச்சு என்று அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பாஸ்டர் குரலை உயர்த்தவில்லை. வாரநாளில் உபதேசியார் போட்ட கத்தலைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது விநோதமாக இருந்தது. பழைய பாஸ்டர் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று மட்டும் கேட்டார். உபதேசியாரின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் அவரைக் கேக்கவே இல்லீங்க ஐயா" என்றார்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு தடவ கேக்கப் போனேன், டீ குடிச்சிட்டிருந்தாரு. இன்னொரு தடவ போனேன், கார்ல ஏறிட்டாரு. அவரு முன்னால போய் நின்னா எனக்கு வாய் வராது. அப்புறம், இத்தன மாசம் ஏன் சொல்லலன்னு கேட்டா என்னா பண்றதுன்னு பயந்துட்டேன். யோசிக்கிறாருன்னு நாந்தான் சொன்னேன்."

விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நூறு பேரை ஒரு சத்தத்தில் வரிசையாக நிற்க வைக்கிற மனிதர். அவருக்கு வாய் வராத ஓர் இடம் உண்டு என்பது எனக்கு நோவாவின் அட்டையைவிடப் பெரிய புதிராக இருந்தது.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "நாலு வருசம்" என்றார். "கடவுளே வேணாம்னுட்டாருன்னு நெனச்சிட்டு இருந்தேன் நான்."

பாஸ்டர் பலகையிலிருந்து எழுந்தார். அம்மாவிடம், "மன்னிச்சுக்குங்க. எங்ககிட்ட யாரும் வர்றதுக்கு வழியில்லாம பாஸ்டருங்க நாங்க உக்காந்திருந்தோம். இவரு மேல மட்டும் போடாதீங்க" என்றார். பாஸ்டர் உபதேசியாரின் ஈரத் தோளில் கை போட்டு, உங்கள் வீட்டில்தானே எனக்கு இன்றைக்குச் சாப்பாடு என்று கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நாற்காலியை யாரும் நினைக்கவில்லை. அது எங்கள் வெளியறையிலேயே நின்றது.

விளக்கேற்றும் நேரத்தில் யாரும் பார்க்காதபோது நான் அதில் ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவு நாள் ஆசை. உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தேன். மெத்தைக்குள் ஸ்பிரிங் ஒடிந்து, முனை நேராக மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் சாய்ந்தாலும் குத்தியது. நுனியில், முதுகு சாய்க்காமல், நிமிர்ந்து, அசையாமல் இருந்தால் மட்டும் குத்தவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். முதலில் திட்டினார். பிறகு அவரும் மெல்ல உட்கார்ந்து பார்த்து எழுந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. மெத்தையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"பாவம் அந்த மனுசன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்கப்பா பத்து நிமிசத்துல சரி பண்ணியிருப்பாரே."

அப்பா குறடோடு வந்து, சொன்னபடி பத்து நிமிடத்தில் சரிசெய்தார். தம்பி அதில் ஏறிச் சுருண்டு தூங்கிவிட்டான். அவனை எடுக்க வேண்டாம் என்றார் அம்மா.

பழைய பாஸ்டரை நான் பல வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இந்த வயதில் அந்தக் கோபம் வருவதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பேன். கண்டித்து மறுத்திருப்பாரோ, இதுக்கென்னம்மா, வந்து வாங்கிக்கொள் என்றிருப்பாரோ. யாருக்கும் தெரியாது. தன்னைக் குத்துவதைக்கூட ஒருவரிடம் சொல்ல முடியாத உயரத்தில் அவரை நாம் உட்கார வைத்திருந்தோம். அவரும் இறங்கவில்லை.

மறுநாள் இராப்போஜனம். பாஸ்டர் பெயர் சொல்லி யாரையும் அழைக்கவில்லை, வரலாம் என்று மட்டும் சொன்னார். கிராணி குடும்பம் போனது. அடுத்து உபதேசியார் போக வேண்டும். அவர் எழுந்து ஆலயத்தின் பின்பக்கத்துக்கு நடந்து வந்து, எங்கள் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆண்கள் போய் வந்தார்கள். பெண்களின் முறை வந்தபோது அம்மா எழுந்தார். நாலு வருடத்தில் முதல் தடவையாக அந்த நடுவழியில் நடந்து போய், கம்பியருகே மண்டியிட்டார்.

பாஸ்டர் தட்டோடு அம்மா முன்னால் வந்தார். அம்மா கையை நீட்டவில்லை. எழுந்து நின்று, திரும்பி, வந்த வழியே எங்களை நோக்கி நடந்து வந்தார். போச்சு, வேண்டாம் என்றே சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். பாஸ்டர் அசையாமல் தட்டோடு நின்றார்.

அம்மா உபதேசியார் முன்னால் வந்து நின்றார். அதுவரை அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், அதுவும் தலை குனிந்து.

"வாங்கண்ணே" என்றார். "இனிமே யாரையும் கேட்டுட்டு வரணும்னு இல்லதானே."

உபதேசியார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்ததால் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு எழுந்து அம்மாவுக்குப் பின்னால் போனார். ஆண்கள் வரிசை முடிந்துபோயிருந்தது, அவர் பெண்களோடு பெண்ணாக மண்டியிட்டார்.

கடைசி பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். அது அவ்வளவு நீளமான பெஞ்சு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பா காலையிலேயே கொண்டுவந்து வைத்திருந்த சிவப்பு நாற்காலி முன்னால் காலியாக இருந்தது. அது இனிக் குத்தாது என்று அந்த ஆலயத்தில் எங்கள் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. பழைய பாஸ்டருக்கு யாராவது எழுதிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாரிடம் சொல்லி அனுப்புவது என்று யோசித்தேன். அப்புறம், நானே எழுதலாமே என்று நினைத்தேன்.